மென்பொருளுக்குக் குப்பையையும் கொடுத்துப் பாருங்கள்

2024 ஜூலை 19, வெள்ளிக்கிழமை. மலேசிய நேரப்படி நண்பகல் 12.09க்கு அமெரிக்காவின் கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனம் தன் பாதுகாப்பு மென்பொருளுக்கான சிறு கோப்பு ஒன்றை உலகெங்கும் அனுப்பியது. 1.27க்கு அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. அந்த 78 நிமிடங்களே போதுமானதாக இருந்தன. மைக்ரோசாஃப்ட் பின்னர் சொன்ன கணக்குப்படி 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத்திரை காட்டி நின்றுபோயின. கேஎல்ஐஏ இரண்டாம் முனையத்தில் ஏர்ஏசியா பயணிகள் நீண்ட வரிசையில் காத்திருந்தார்கள். பயணப் பதிவைக் கையால் செய்ய வேண்டி வந்தது. கிள்ளானையும் கேஎல் சென்ட்ரலையும் இணைக்கும் கேடிஎம்பி ரயில் நிறுவனத்தின் டிக்கெட் சேவையும் தடுமாறியது.

அடுத்த வாரம் இலக்கவியல் அமைச்சர் கோபிந்த் சிங் டியோ மைக்ரோசாஃப்ட், கிரவுட்ஸ்ட்ரைக் பிரதிநிதிகளை அழைத்துப் பேசினார். மலேசியாவில் 5 அரசு அமைப்புகளும், விமானம், வங்கி, மருத்துவம் முதலிய துறைகளைச் சேர்ந்த 9 நிறுவனங்களும் பாதிக்கப்பட்டதாக அவர் தெரிவித்தார். இழப்பீடு தருவதைப் பரிசீலிக்கும்படியும் கேட்டுக்கொண்டார்.

இத்தனைக்கும் மூலகாரணம் ஓர் எண்ணிக்கைப் பிசகு. வந்த கோப்பு 21 தகவல்களை எதிர்பார்த்தது; கணினியில் ஏற்கனவே இருந்த நிரல் 20 மட்டுமே கொடுத்தது. இல்லாத 21ஆவதைத் தேடி, நினைவகத்தில் தனக்கு உரிமையில்லாத இடத்தைப் படிக்கப் போனது நிரல். அது இயக்க முறைமையின் மையத்திலேயே ஓடிக்கொண்டிருந்ததால், விழுந்தபோது கணினியையும் சேர்த்து இழுத்துக்கொண்டு விழுந்தது. அதற்கு முன் நடந்த சோதனைகளில் 21ஆவது கட்டத்தில் ‘எதுவாக இருந்தாலும் சரி’ என்னும் பொதுக்குறியே இருந்தது. அதனால் அந்தக் கட்டத்தை யாரும் உண்மையில் சோதித்திருக்கவில்லை.

சம்பவம் நடந்த சில நாள்களில் கிரவுட்ஸ்ட்ரைக் முதற்கட்ட அறிக்கையை வெளியிட்டது. இத்தகைய கோப்புகளை அனுப்புமுன் இனி என்னென்ன சோதனைகள் நடக்கும் என்று அதில் ஒரு பட்டியல் இருந்தது. பட்டியலில் இருந்த ஒரு சொல் ஃபஸ்ஸிங்.

தமிழ் வாசகர்களில் பலருக்கு இந்தச் சொல் புதிது. கோலாலம்பூர், பெட்டாலிங் ஜெயா, சைபர்ஜெயா வட்டாரங்களில் மென்பொருள் எழுதியே பிழைக்கிறவர்களிலும் இதைக் கேள்விப்பட்டவர்களைவிடச் செய்து பார்த்தவர்கள் குறைவாகவே இருப்பார்கள். வேலையில் ஒன்றும் மாயமில்லை. ஒரு நிரல் வெளியிலிருந்து எதையாவது வாங்கிப் படிக்கிறது என்றால், அதற்கு ஒழுங்கான தரவை மட்டும் கொடுக்காமல், அரைகுறையான, தலைகீழான, அளவுக்கு மீறிய, அர்த்தமே இல்லாத தரவை ஆயிரம் ஆயிரமாக, தானாகவே உற்பத்தி செய்து ஊட்டிக்கொண்டே இருப்பது. எங்கே நிரல் விழுகிறதோ, எங்கே உறைந்துபோகிறதோ, அங்கே ஒரு பிழை இருக்கிறது. இரண்டு வயதுக் குழந்தையின் கையில் கைப்பேசியைக் கொடுத்தால் பெரியவர்கள் ஒருநாளும் அழுத்தாத பொத்தான்களை எல்லாம் அழுத்துமே, அதே வேலையைக் கணினி நொடிக்குப் பல நூறு தடவை செய்கிறது.

இது பிறந்த கதையும் சுவையானது. 1988ஆம் ஆண்டின் இலையுதிர்காலம். அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகப் பேராசிரியர் பார்ட்டன் மில்லர், இடிமழை பெய்த ஓரிரவில் வீட்டிலிருந்து தொலைபேசிக் கம்பி வழியே பல்கலைக்கழகக் கணினியில் வேலை செய்துகொண்டிருந்தார். மழையால் கம்பியில் இரைச்சல் ஏறியது. அவர் தட்டிய கட்டளைகளுக்கு நடுவே கண்ட கண்ட எழுத்துகள் புகுந்தன. கம்பியில் இரைச்சல் வருவது அன்றைக்கு வாடிக்கைதான். ஆனால் அந்தக் குப்பையைத் தாங்க முடியாமல், ஊரே நாள்தோறும் பயன்படுத்தும் யூனிக்ஸ் நிரல்கள் பொத்துப் பொத்தென்று விழுந்தது அவருக்கு வியப்பாக இருந்தது. (மாலையானால் இடிமழை கொட்டும் கிள்ளான் பள்ளத்தாக்கில் இந்த யோசனை யாருக்கும் உதிக்காமல் போனது நம் துரதிர்ஷ்டம்.) மில்லர் அதையே தம் மாணவர்களுக்குப் பாடத்திட்ட வேலையாகக் கொடுத்தார். 1990 டிசம்பரில் முடிவுகள் வெளியாயின. சோதித்த யூனிக்ஸ் வகை எதுவானாலும், அதிலிருந்த நிரல்களில் 25 முதல் 33 விழுக்காடு வரை வெறும் தாறுமாறான எழுத்துகளுக்கே விழுந்தன.

முப்பது ஆண்டு கழித்து, 2020இல், மில்லரும் கூட்டாளிகளும் அதே பழைய சோதனையை மறுபடி செய்தார்கள். லினக்ஸில் 12 விழுக்காடு, மேக் கணினியில் 16 விழுக்காடு, ஃப்ரீபிஎஸ்டியில் 19 விழுக்காடு நிரல்கள் இன்னமும் விழுந்தன அல்லது உறைந்தன. உலகத்தின் தலைசிறந்த நிரலாளர்கள் எழுதி, பத்தாண்டுக் கணக்கில் பயன்பட்டு வரும் நிரல்களின் நிலை இது. பூச்சோங்கில் நாலு பேர் உட்கார்ந்து மூன்று மாதத்தில் முடித்துக் கொடுத்த கிளினிக் மென்பொருளின் நிலை எப்படி இருக்கும் என்பதை வாசகர் ஊகித்துக்கொள்ளலாம்.

கண்ணை மூடிக்கொண்டு குப்பை வீசிய காலம் போய்விட்டது. 2013இல் மிகாவ் ஸலெவ்ஸ்கி என்ற போலந்து நிபுணர் ஏஎஃப்எல் என்ற கருவியை வெளியிட்டார். பெயர் ஒரு முயல் இனத்துடையது. ஒவ்வொரு தரவையும் ஊட்டியபின், நிரலுக்குள் எந்தெந்தக் கிளைகள் வழியே அது ஓடியது என்று இந்தக் கருவி கவனிக்கிறது. இதுவரை போகாத கிளைக்குப் போக வைத்த தரவைப் பத்திரப்படுத்தி, அதையே மேலும் கொஞ்சம் திரித்து மறுபடி ஊட்டுகிறது. 2014இல் ஸலெவ்ஸ்கி ஒரு வேடிக்கை செய்து காட்டினார். படங்களைப் படிக்கும் ஒரு நிரலுக்கு ‘ஹலோ’ என்ற சொல் மட்டும் இருந்த கோப்பைக் கொடுத்துக் கருவியை ஓடவிட்டார். ஜேபெக் படம் என்றால் எப்படி இருக்க வேண்டும் என்று யாரும் சொல்லித் தராமலே, சில மணி நேரத்தில் அது உண்மையான ஜேபெக் கோப்புகளை உருவாக்கத் தொடங்கிவிட்டது.

அதே 2014 ஏப்ரலில் ஹார்ட்பிளீட் பிழை வெளிவந்தது நினைவிருக்கும். இணையத்தின் பூட்டாக இருந்த ஓபன்எஸ்எஸ்எல் நிரலிடம், ‘நான் அனுப்பியது இத்தனை பைட்’ என்று பொய் சொன்னால் போதும். அது நம்பிக்கொண்டு, தன் நினைவகத்திலிருந்து 64 கிலோபைட் வரை அள்ளிக் கொடுத்தது. அதில் கடவுச்சொல்லும் இருக்கலாம், சாவியும் இருக்கலாம். ஓராண்டுக்குப்பின் ஹன்னோ பெக் என்ற ஜெர்மானிய இதழாளர் அந்தப் பழைய நிரலை எடுத்து ஏஎஃப்எல் கருவியிடம் கொடுத்தார். 6 மணி நேரத்தில் பிழை சிக்கியது. இதில் ஒரு நுணுக்கம் உண்டு. அளவுக்கு மீறிப் படிக்கும் நிரல் எப்போதும் விழுந்துவிடாது. சத்தமில்லாமல் ஓடிக்கொண்டே இருக்கும். அட்ரஸ் சானிட்டைஸர் என்ற காவலையும் கூடவே சேர்த்து நிரலைத் தொகுத்தால்தான், எல்லை மீறிய அந்தக் கணத்திலேயே அது கத்தும். பெக் இரண்டையும் சேர்த்தே பயன்படுத்தினார். சி, சி பிளஸ்பிளஸ் மொழிகளில் எழுதுகிறவர்கள் இந்தக் காவல் இல்லாமல் ஃபஸ்ஸிங் செய்வதில் பாதிப் பயன்தான்.

கூகுள் 2016 டிசம்பரில் ஓஎஸ்எஸ்-ஃபஸ் என்ற இலவசச் சேவையைத் தொடங்கியது. பலரும் பொதுவாகப் பயன்படுத்தும் திறமூல நிரல்களை இரவு பகலாகச் சோதிப்பதே அதன் வேலை. 2023 ஆகஸ்ட் வரை 1,000 திட்டங்களில் 10,000க்கு மேற்பட்ட பாதுகாப்புக் குறைகளையும் 36,000 பிற பிழைகளையும் அது கண்டுபிடித்துத் திருத்த உதவியது. நம் கைப்பேசியில் தமிழ் எழுத்தை வரைய உதவும் ஃப்ரீடைப், ஹார்ஃப்பஸ் என்ற இரண்டு நிரல் தொகுப்புகளும் அங்கே இடையறாது சோதிக்கப்படுகின்றன. இந்தக் கட்டுரையை ஆண்ட்ராய்டு திரையில் படிப்பவர்கள் அந்த உழைப்பின் பயனை இப்போதே அனுபவித்துக்கொண்டிருக்கிறார்கள்.

இங்கே என்ன நடக்கிறது? சிறு நிறுவனம் ஒன்று மென்பொருளை முடித்ததும் யூஏடி, அதாவது பயனர் ஏற்புச் சோதனை, என்ற பெயரில் ஒரு தாள் வரும். பெயர் போட்டால் பதிவாகிறதா, ஆம். ரசீது அச்சாகிறதா, ஆம். கையெழுத்து, இன்வாய்ஸ், கைகுலுக்கல். எதிர்பார்த்ததைக் கொடுத்து எதிர்பார்த்தது வருகிறதா என்று மட்டுமே அந்தத் தாள் கேட்கிறது. எதிர்பாராததைக் கொடுத்தால் என்ன ஆகும் என்ற கேள்விக்கு அதில் இடமில்லை.

ஆனால் மலேசியத் தமிழரின் பெயரே ஓர் எதிர்பாராத தரவுதான்! அடையாள அட்டையில் ‘இன்னாரின் மகன்’, ‘இன்னாரின் மகள்’ என்பதற்கு ஏ/எல், ஏ/பி என்று நடுவே நிற்கும் அந்தச் சாய்கோடு எத்தனை படிவங்களைத் திணறடித்திருக்கிறது என்பது இங்கே வளர்ந்த எல்லாருக்கும் தெரியும். விமான முன்பதிவு முறையில் குடும்பப் பெயரையும் சொந்தப் பெயரையும் பிரிக்கும் குறியாகவே சாய்கோடு பயன்படுகிறது. அதனால் டிக்கெட்டில் அது காணாமல் போகும். பயனாளர் பெயரையே கோப்பின் பெயராக வைத்து அறிக்கையைச் சேமிக்கும் நிரலுக்கு, சாய்கோடு என்றால் அடுத்த கோப்புறை என்று பொருள். இல்லாத கோப்புறையைத் தேடிப்போய்ச் சேமிக்க முடியாமல் நிற்கும். இன்னொரு பக்கம் ‘கடைசிப் பெயர்’ கட்டாயம் என்று அடம்பிடிக்கும் படிவம். நம்மில் பெரும்பாலோருக்கு அப்படி ஒன்று கிடையாது. மறுபெயரைக் குறிக்க மலேசிய ஆவணங்களில் நடுவே வரும் அட் குறியும், சில கிறிஸ்துவக் குடும்பப் பெயர்களில் வரும் மேற்கொட்டுக் குறியும் இதே கூட்டம்தான். இவை எதுவும் யாரோ வேண்டுமென்று செய்த விஷமமல்ல. பிரிக்ஃபீல்ட்ஸ் தெருவில் நடந்து போகிறவர்களின் சாதாரணப் பெயர்கள். இவற்றையே தாங்காத மென்பொருள், கெட்ட எண்ணத்தோடு வருகிறவனை எப்படித் தாங்கும்?

ஆகவே தொடங்குகிறவர் தொலைவில் போய்த் தேட வேண்டியதில்லை. ஒரு மடிக்கணினியும், இரவு முழுக்க ஓடவிடும் பொறுமையும், வெளித்தரவைப் படிக்கும் ஒரு சின்ன நிரல் பகுதியும் போதும். முழு மென்பொருளையும் ஒரே நாளில் சோதிக்க ஆசைப்படுவதுதான் பலர் முதலில் செய்யும் தவறு. அகலக்கால் வைத்தால் மூன்றாம் நாளே சலிப்பு வந்துவிடும். மைகாட் அடையாள அட்டை எண்ணைச் சரிபார்க்கும் பகுதி என்று வைத்துக்கொள்ளலாம். 12 இலக்கம். முதல் ஆறு பிறந்த தேதி, அடுத்த இரண்டு பிறந்த இடம்; சிலாங்கூர் என்றால் 10, கோலாலம்பூர் என்றால் 14. கடைசி இலக்கம் ஒற்றைப்படை என்றால் ஆண், இரட்டைப்படை என்றால் பெண்.

முதலில் விதைத் தரவு. சரியான வடிவத்தில் கற்பனையாக உருவாக்கிய சில எண்கள். கோடு போட்டது, போடாதது, இடைவெளி விட்டது. வாடிக்கையாளரின் உண்மையான அட்டை எண்ணை இதற்குப் பயன்படுத்தக் கூடாது. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010 என்று ஒன்று இருக்கிறது. பிறகு கருவி. பைத்தானில் எழுதுகிறவர்களுக்கு அத்தெரிஸ், ஹைப்பாதெசிஸ் இரண்டும் உண்டு. கோ மொழியில் 2022 மார்ச்சில் வந்த 1.18 பதிப்பு முதல் ஃபஸ்ஸிங் மொழியோடு சேர்ந்தே வருகிறது. தனியாக எதையும் நிறுவ வேண்டாம். ஜாவாவுக்கு ஜாஸர், ரஸ்ட் மொழிக்கு கார்கோ-ஃபஸ், சி மொழிக்கு ஏஎஃப்எல் கருவியின் இன்றைய வாரிசான ஏஎஃப்எல் பிளஸ்பிளஸ். காசு கொடுத்து வாங்க வேண்டியது ஒன்றுமில்லை.

ஓடவிட்டால் என்ன கிடைக்கும்? ஓர் உதாரணம் பார்க்கலாம். ‘வந்தது இலக்கம்தானா’ என்று சோதிக்கப் பைத்தான் நிரலாளர்கள் வழக்கமாக இஸ்டிஜிட் என்ற கட்டளையைக் கூப்பிடுவார்கள். அதனிடம் ‘௧’ என்ற தமிழ் இலக்கத்தைக் கொடுத்தால் ‘ஆம், இலக்கம்தான்’ என்கிறது. எண்ணாக மாற்றச் சொன்னால் 1 என்று ஒழுங்காகவே மாற்றுகிறது. தமிழ் இலக்கத்துக்கு இவ்வளவு மரியாதையா என்று மகிழ்வதற்குள் விவகாரம் தொடங்கிவிடும். தமிழ் இலக்கத்தில் எழுதிய அடையாள எண்ணும் ஆங்கில இலக்கத்தில் எழுதிய அதே எண்ணும் தரவுத்தளத்தில் இரண்டு வேறு ஆட்களாகப் பதிவாகலாம். பத்தைக் குறிக்கும் ‘௰’ கொடுத்தாலோ, இலக்கமில்லை என்று மறுத்துவிடுகிறது. வர்க்கக் குறியான ‘²’ இன்னும் மோசம்: இலக்கம்தான் என்று உள்ளே விட்டுவிட்டு, எண்ணாக மாற்றும்போது நிரலைக் கவிழ்க்கிறது. வாடிக்கையாளர் யாரும் அடையாள எண்ணில் வர்க்கக் குறி போட மாட்டார் என்று வாதாடலாம். போடுகிறவர் வாடிக்கையாளராக இருக்க மாட்டார் என்பதுதான் பதில்.

பிறந்த தேதியில் பிப்ரவரி 30 வரும். 24 என்று தொடங்கும் எண் 1924இல் பிறந்தவருடையதா, 2024இல் பிறந்த குழந்தையுடையதா என்று நிரல் முழிக்கும். கருவி கண்டுபிடித்த நாலாயிரம் எழுத்து நீளமுள்ள குப்பையில், உண்மையில் நிரலைக் கவிழ்த்தது எந்த ஒன்பது எழுத்து என்று சுருக்கித் தரும் வசதியும் இந்தக் கருவிகளில் உண்டு. சுருக்கிய அந்தத் தரவை எறிந்துவிடக் கூடாது. பிழையைத் திருத்தியபின் அதை நிரந்தரச் சோதனையாகச் சேர்த்து வைத்தால், ஆறு மாதம் கழித்துப் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர் அதே பிழையை மறுபடி நுழைக்க முடியாது.

இரண்டாவது இலக்காக கியூஆர் குறியைத் தேர்ந்தெடுக்கலாம். கிள்ளான் ஜாலான் தெங்கு கெலானாவில் பூக்கடையிலும் பணம் வாங்க டூயிட்நவ் கியூஆர் தொங்குகிறது. அது ஈஎம்விகோ அமைப்பின் உலகத் தரத்தைத் தழுவியது. உள்ளே இருப்பது நீண்ட எழுத்து வரிசை: இரண்டு இலக்கத்தில் வகை, இரண்டு இலக்கத்தில் நீளம், அதன்பின் தகவல், இப்படியே தொடர்ந்து போய், கடைசியில் சரிபார்ப்பு எண்ணில் முடியும். நீளம் 99 என்று சொல்லிவிட்டு ஐந்தே எழுத்து கொடுத்தால் என்ன ஆகும்? ஹார்ட்பிளீட் விவகாரத்தின் அடிப்படைப் பொய் இதுவேதான். நீளத்தை எழுத்தில் எண்ணுவதா, பைட்டில் எண்ணுவதா என்ற குழப்பமும் உண்டு. ஆங்கில எழுத்து ஒரு பைட்டில் அடங்கும். யுடிஎஃப்-8 முறையில் தமிழ் எழுத்துக்குறி ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட். 20 பைட்டில் கடையின் பெயரை வெட்டும் நிரல், ஏழாவது குறியை நடுவில் அறுத்துவிடும். கட்டணச் செயலி எழுதுகிறவர்கள், கியூஆர் குறியைப் படிக்கும் பகுதியை ஒரு வாரம் ஃபஸ்ஸிங் செய்யாமல் கடைக்கு அனுப்புவதை அலட்சியம் என்றுதான் சொல்ல வேண்டும்.

எழுத்துப் பிழைகள் சின்ன விஷயம் என்று நினைப்பவர்கள் 2018 பிப்ரவரியை நினைத்துப் பார்க்கலாம். ஒரு தெலுங்கு எழுத்துக் கூட்டு, செய்தியாக வந்தால் போதும், ஐஃபோனின் செய்திச் செயலி விழுந்தது, திறக்கவும் முடியாது. மோசில்லாவில் பணியாற்றிய மனீஷ் கோரேகாவ்கர் அதைத் துருவிப் பார்த்தார். தெலுங்கோடு வங்காளத்திலும் தேவநாகரியிலும் குறிப்பிட்ட ஒரு வரிசையில் மெய், புள்ளி, இன்னொரு மெய், கண்ணுக்குத் தெரியாத பிரிப்புக்குறி, உயிர்க்குறி என்று அமைந்தால் ஆப்பிள் நிரல் கவிழ்கிறது என்று அவர் எழுதிக் காட்டினார். பிப்ரவரி 19ஆம் தேதி ஆப்பிள் திருத்தப் பதிப்பை வெளியிட்டது. தமிழில் கூட்டெழுத்து மிகக் குறைவு என்பதால் அந்த முறை நாம் தப்பித்தோம். கிள்ளான் பள்ளத்தாக்கில் வாழும் தெலுங்கு நண்பர்கள் தப்பவில்லை.

தமிழுக்கும் அதற்கே உரிய முடிச்சுகள் இருக்கின்றன. ‘கொ’ என்ற எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம்: ககரத்தோடு ஒகரக் குறி ஒன்றைச் சேர்த்து, அல்லது ஒற்றைக்கொம்பும் காலும் தனித்தனியாகச் சேர்த்து. பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். கணினிக்கு வேறு வேறு. தேடலில் ‘கொடி’ கிடைக்கும், அல்லது கிடைக்காது. எந்த விசைப்பலகையில் யார் தட்டினார்கள் என்பதைப் பொறுத்தது. ‘ஸ்ரீ’ எழுதவும் இரண்டு வழி உண்டு. கோயில் பெயர்ப் பட்டியல் வைத்திருக்கும் எவருக்கும் இது தலைவலி. கொம்பு மட்டும் தனியே வந்தால்? புள்ளி மேல் புள்ளி வந்தால்? உயிரெழுத்துக்கு மேலே கால் வந்தால்? மனிதர் யாரும் இப்படி எழுதுவதில்லை. அறுபட்டுப் பழுதான கோப்புகளில் இப்படித்தான் வரும்.

இந்த நாட்டுத் தமிழர்களுக்கு இதில் தனி உரிமையும் கடமையும் உண்டு. 1985இல் முரசு அஞ்சல் மென்பொருளை உருவாக்கிய முத்து நெடுமாறன் மலேசியர். தமிழைக் கணினியில் ஏற்றிய முதல் தலைமுறை இங்கிருந்தும் எழுந்தது. ஏற்றியதைத் தாங்கும்படி செய்வது அடுத்த தலைமுறையின் வேலை. மலாயாப் பல்கலைக்கழகத்திலும் செர்டாங், பாங்கி, சைபர்ஜெயா வளாகங்களிலும் இறுதியாண்டுத் திட்டத்துக்குத் தலைப்பு தேடி அலையும் தமிழ் மாணவர்களுக்கு இதைவிட நல்ல தலைப்பு கிடைக்காது. ஓபன்-தமிழ் என்ற பைத்தான் தொகுப்பு எல்லார்க்கும் திறந்து கிடக்கிறது. தமிழ்ச் சொல்லை எழுத்து எழுத்தாகப் பிரிக்கும் பகுதி அதில் உண்டு. எந்தத் தாறுமாறான வரிசையைக் கொடுத்தாலும், பிரித்த எழுத்துகளை மறுபடி ஒட்டினால் பழைய வரிசை அப்படியே வர வேண்டும் என்பதை விதியாக வைத்து இரவெல்லாம் சோதிக்கலாம். பிழை கிடைத்தால் அதை எழுதியவர்களுக்குத் தெரிவித்து, திருத்தத்தையும் அனுப்பலாம். உலகத் தமிழர் எல்லாருக்கும் பயன்படும் வேலை.

ஃபஸ்ஸிங் எல்லா நோய்க்கும் மருந்தில்லை. 6 விழுக்காடு சேவை வரி போட வேண்டிய இடத்தில் 8 விழுக்காடு போட்டால் நிரல் விழாது, கருவிக்கும் தெரியாது. யாருடைய கணக்கை யார் பார்க்கலாம் என்ற அனுமதிக் குளறுபடிகளும் பெரும்பாலும் இதற்குப் பிடிபடா. எது சரி என்று விதி எழுதிக் கொடுத்தால்தான் அப்படிப்பட்டவற்றில் சிலவாவது சிக்கும். கிடைத்த நூறு வீழ்ச்சிகளில் எது ஆபத்து, எது ஒரே பிழையின் நூறு முகம் என்று பிரித்துப் பார்ப்பதும் சலிப்பூட்டும் வேலை. இருந்தாலும், ஓர் இரவு மின்சாரச் செலவில் இவ்வளவு பலன் தரும் சோதனை வேறு இல்லை என்றே சொல்லலாம். ‘இதெல்லாம் பெரிய கம்பெனிகளுக்கு’ என்ற பேச்சை இனியும் ஏற்க முடியாது.

ஒரு கறாரான எச்சரிக்கை. சொந்த நிரலையும், உரிமையாளர் எழுத்து மூலம் அனுமதி தந்த நிரலையும் மட்டுமே சோதிக்க வேண்டும். ஆர்வக்கோளாறில் வங்கியின் இணையதளத்துக்கோ அரசுச் சேவைக்கோ குப்பையைக் கொட்டப் போனால், அனுமதியின்றி நுழைந்தது என்று கணினிக் குற்றங்கள் சட்டம் 1997 பாயக்கூடும். அதன் மூன்றாம் பிரிவில் 50,000 ரிங்கிட் வரை அபராதம், ஐந்தாண்டு வரை சிறை, அல்லது இரண்டும். ‘சும்மா பார்த்தேன்’ என்பது நீதிமன்றத்தில் எடுபடாது.

சட்டம் பற்றிப் பேசும்போது இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். இணையப் பாதுகாப்புச் சட்டம் 2024, அதே ஆண்டு ஆகஸ்ட் 26 முதல் நடப்பில் இருக்கிறது. நாட்டின் முக்கியக் கட்டமைப்பு என்று 11 துறைகளை அது வகுத்திருக்கிறது. அந்தத் துறைகளில் குறிக்கப்பட்ட நிறுவனங்கள் ஆண்டுக்கு ஒருமுறையாவது இடர் மதிப்பீடும், ஈராண்டுக்கு ஒருமுறையாவது தணிக்கையும் செய்ய வேண்டும். ஊடுருவல் சோதனை செய்து தருகிறவர்களும் கண்காணிப்பு மையம் நடத்துகிறவர்களும் உரிமம் பெற வேண்டும். நல்ல தொடக்கம். ஆனால் ஊடுருவல் சோதனை, மென்பொருள் கட்டி முடித்துப் புழக்கத்துக்கு வந்தபின் வெளியாள் வந்து தட்டிப் பார்ப்பது. ஃபஸ்ஸிங், எழுதும்போதே எழுதுகிறவரே செய்து கொள்வது. ஜூலை 19இல் நேர்ந்ததைப் போன்ற பிசகை முன்னது பிடிப்பது அரிது. பின்னது பிடிக்க வாய்ப்பு மிக அதிகம். இடர் மதிப்பீட்டுத் தாளில் ‘வெளித்தரவைப் படிக்கும் பகுதிகளுக்கு ஃபஸ்ஸிங் நடந்ததா, எப்போது’ என்று ஒரே ஒரு வரியைச் சேர்க்கத் தேசிய இணையப் பாதுகாப்பு நிறுவனமான நக்சா முன்வர வேண்டும்.

அதுவரை, வாங்குகிறவர்கள் கையில்தான் அதிகாரம் இருக்கிறது. கோயில் நிர்வாகம், தமிழ்ப்பள்ளி வாரியம், கூட்டுறவுச் சங்கம், கிளினிக், மளிகைக் கடை என யாராக இருந்தாலும், அடுத்த முறை மென்பொருள் நிறுவனம் கொட்டேஷன் கொண்டு வரும்போது விலை பேசுமுன் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். எந்தெந்தப் பகுதியை ஃபஸ்ஸிங் செய்தீர்கள்? எத்தனை மணி நேரம் ஓடவிட்டீர்கள்? என்னென்ன உடைந்தது? முதல் இரண்டுக்குப் பதில் இருந்து, மூன்றாவதற்கு ‘ஒன்றுமே உடையவில்லை’ என்று சொன்னால் நம்பாதீர்கள். இன்னும் ஒரு வாரம் ஓடவிட்டு வரச் சொல்லுங்கள்.